சொந்தக் கையால் ஒரு பாய்மரப் படகு: பலகை வெட்டுவதிலிருந்து காற்றில் ஓட்டுவது வரை

முதல் படகைச் சிறியதாகக் கட்டுங்கள். எட்டடியிலிருந்து பதினோரடிக்குள் எதுவானாலும் சரி. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வேலையும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்கின்றன. பலகை, பசை, பாய், கயிறு எல்லாமே அதற்கேற்பப் பெருகுகின்றன. பாதியில் நின்று கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் வீட்டுப் படகுகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஆசைக்கு மிஞ்சிய நீளம் கொண்டவை. பத்தடி டிங்கி (சிறு திறந்த படகு) அப்படியல்ல. மூன்று நான்கு பிளைவுட் தாள்களில் அடங்கிவிடும், இருவர் தூக்கலாம், ஓய்வு நேரத்தில் மட்டும் வேலை செய்தாலும் சில மாதங்களில் நீரில் இறங்கிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். படகின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு கவனத்தைக் கேட்பதில்லை. நீர் எங்கே நுழையப் பார்க்கும், விசை எங்கே குவியும் என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள், நடுப்பலகைக் கூடு (அடியிலிருந்து நீருக்குள் இறக்கும் பலகையின் உறை), மிதவை அறைகள் (காற்றடைத்து மூடிய அறைகள்), பாய்மரத்தின் அடி, சுக்கானின் கீல் ஆகியவையே அந்த இடங்கள். அங்கே பிடிவாதமாக இருங்கள். இருக்கைப் பலகை இரண்டு மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் படகுக்கு ஒரு கேடும் வராது.

வரைபடம்

சொந்தமாக வடிவமைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் படகில் அதை அடக்கிக்கொள்வது நல்லது. தட்டையான பலகை வளைந்து படகாகும்போது எந்தக் கோடு எங்கே போகும் என்பதை அனுபவமில்லாத கண்ணால் ஊகிக்க முடியாது. ஏற்கெனவே பலர் கட்டி ஓட்டிய வடிவங்களின் வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. கிளார்க் மில்ஸ் 1947-இல் புளோரிடாவில் சிறுவர்களுக்காக வரைந்த ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம்தான். வீட்டிலேயே பிளைவுட்டில் கட்டக்கூடிய எளிய பெட்டி வடிவம். 1960-களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் பிரிட்டனில் உருவாக்கிய மிரர் டிங்கி 3.3 மீட்டர். பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறையைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது அதுதான். 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் அதற்குமுன் படகையே தொடாதவர்கள்.

இரண்டு படகுகளுக்கும் அணியம் (முன்முனை) கூராக இல்லாமல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பார்க்க அழகு குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முன்புறத்தில் மிதக்கும் திறன் அதிகம், குறைந்த நீளத்துக்குள் அதிக இடம், கட்டவும் எளிது என்பதால் சிறிய படகுக்கு நான் இந்த வடிவத்தையே பரிந்துரைப்பேன்.

வரைபடத்தில் படகின் எடை, அது தாங்கும் சுமை, பாயின் பரப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படகு 45 கிலோ, ஓட்டுபவர் 70, பாயும் சாமான்களும் 15 என்றால் மொத்தம் 130 கிலோ. 130 லிட்டர் நன்னீரை விலக்கும் ஆழம் வரை படகு அமிழும். அந்த நிலையில் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் போதிய உயரத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் உடல் எடையை இந்தக் கணக்கில் நேர்மையாகப் போடுங்கள்.

பலகை வாங்குவதற்கு முன், அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து ஒட்டிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான். எந்தப் பலகை எதனோடு சேர்கிறது, எது முதலில், எது பின்னால் என்பது வரைபடத்தை நூறு முறை பார்ப்பதைவிட இதில் தெளிவாகும்.

மரமும் பசையும்

அடிக்கும் பக்கங்களுக்கும் 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் (நீரில் அடுக்குகள் பிரியாத வகை) பொதுவான தேர்வு. சாதாரணத் தாள் 2440 × 1220 மில்லிமீட்டர். பத்தடிப் படகுக்கு இரண்டு தாள்களை நீளவாக்கில் இணைக்க வேண்டிவரும். ‘மரைன்’ என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரக் குறியீடு இருந்தால் நல்லது. அப்போதும் வெட்டு விளிம்பைக் கண்ணால் பாருங்கள். உள் அடுக்குகளில் இடைவெளி தெரியக் கூடாது. வெளி அடுக்கு காகிதம்போல மெல்லியதாக இருந்தால் உப்புத்தாள் போடும்போதே தேய்ந்துவிடும். ஒரு சிறு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, காய விட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தத் தாள் அலமாரி செய்யத்தான் உதவும்.

விளிம்புப் பட்டைகள், பாய்மரம், பருமல் (பாயின் மேல்விளிம்பைக் கட்டும் கழி) ஆகியவற்றுக்கு நேரான இழையோட்டமும் முடிச்சு இல்லாத உடலும் கொண்ட, நன்கு உலர்ந்த, எடை குறைந்த மரம் வேண்டும். தேக்குபோல எண்ணெய்ப் பசையுள்ள மரத்தை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடித்ததுபோல் இருந்து பிறகு விட்டுவிடும். திருகாணிகளும் கீல்களும் துருப்பிடிக்காத எஃகாகவோ சிலிக்கான் வெண்கலமாகவோ இருக்கட்டும். பித்தளை உப்பு நீரில் மெல்ல அரித்து நொறுங்கும்.

பசை எபாக்சிதான்: ரெசின், ஹார்டனர் என்ற இரண்டைக் கலந்தால் இறுகும் பசை. விலை குறைவு என்பதற்காகப் பாலியெஸ்டர் ரெசினை வாங்காதீர்கள். மரத்தில் அதன் பிடிப்பு நம்பத்தக்கதல்ல. எபாக்சியோடு கெட்டிப்படுத்தும் தூள்களும் (கூழ்ம சிலிக்கா, மிக நுண்ணிய மரத்தூள்), 75 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடியிழை நாடாவும், அடிப்பாகத்தைப் போர்த்தச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியும் வேண்டும். நைட்ரைல் கையுறைகளைப் பெட்டியாக வாங்கிவிடுங்கள். எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் பிறகு அந்தப் பசையின் அருகிலேயே போக முடியாத நிலை ஏற்படலாம். முழுதாக இறுகாத எபாக்சியைத் தேய்க்கும்போது எழும் தூசியும் அதே ஆபத்துடையது. நல்ல முகமூடி கட்டாயம்.

வரைந்து வெட்டுதல்

முதலில் தாள்களை இணைக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. இரு விளிம்புகளையும் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது ஒன்று. சரிவின் நீளம் பலகைத் தடிமனைப்போல எட்டு மடங்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்கு 48. இணைப்பு கண்ணுக்கே தெரியாது. வளைவும் சீராக வரும். மற்றொன்று, விளிம்புகளை முட்டவைத்து, பின்புறம் ஒரு துண்டுப் பலகையை ஒட்டுவது. எளிது, பலமும் உண்டு, ஆனால் அந்த இடம் வளைய மறுக்கும். நடுவில் வளைவு குறைவான பலகைகளுக்கு இரண்டாவது வழியே போதும்.

வரைபடம் தரும் புள்ளிகளைப் பலகையில் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஆணி அடியுங்கள். முடிச்சில்லாத நீண்ட மெல்லிய ரீப்பரை அந்த ஆணிகளின்மேல் வளைத்துப் பிடித்துக் கோடு போடுங்கள். கோட்டைப் போடுமுன் தலையைத் தாழ்த்தி ரீப்பரின் நீளவாட்டில் ஒரு கண்ணால் பாருங்கள். எங்காவது புடைப்போ பள்ளமோ தெரிந்தால் ஏதோ ஒரு புள்ளி தவறு. அளவுகோல் சொல்வதைவிட அந்தப் பார்வை சொல்வதை நம்புங்கள். ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டு ரீப்பர் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நீர் ஓடப்போவது அந்தக் கோட்டின் மேல்தான்.

ஜிக்சாவில் நுண்பல் பிளேடு போட்டு, கோட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே வெட்டுங்கள். இடப்பக்க, வலப்பக்கப் பலகைகளைச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, இழைப்புளியால் ஒன்றாகவே கோடுவரை இழையுங்கள். இரண்டும் வரைபடத்திலிருந்து சற்று விலகியிருந்தாலும் பரவாயில்லை. தங்களுக்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

தைத்தல்

இந்தக் கட்டத்தில்தான் தட்டைப் பலகைகள் திடீரெனப் படகாக எழுந்து நிற்கும். விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே, 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிடுங்கள். வளைவு கடுமையான இடங்களில் நெருக்கமாக இடலாம். துண்டுகளாக வெட்டிய செப்புக் கம்பியைத் துளைகளில் கோத்து, வெளிப்புறம் தளர்வாக முறுக்குங்கள். பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளும் இதற்கு உதவும். எல்லாவற்றையும் கோத்து முடிக்கும்வரை எதையும் இறுக்காதீர்கள். பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, சிறிது சிறிதாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

தைத்து முடித்ததும் பசை வாளியைத் தேடி ஓடாதீர்கள். இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான அரை மணி நேரம் இப்போதுதான் வருகிறது. நேரான இரண்டு ரீப்பர்களை எடுத்து, ஒன்றை முன்புறமும் ஒன்றைப் பின்புறமும் விளிம்புகளின்மேல் குறுக்காக வையுங்கள். பின்னால் குனிந்து, ஒரு ரீப்பரின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலைக்கு அடியில் ஆப்பு வைத்தோ எதிர்மூலையில் எடை வைத்தோ சரிசெய்யலாம். அடுத்து, அணியத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வேண்டும். இப்போது திருத்துவதற்கு ஒரு ஆப்பு போதும். எபாக்சி இறுகியபின் ரம்பம்தான் வேண்டும்.

எபாக்சி வேலை

ரெசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் மட்டுமே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது ஒருபோதும் முழுதாக இறுகாது. விகிதம் எடைக் கணக்கா, கன அளவுக் கணக்கா என்பதையும் கவனியுங்கள். இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால் எண்களும் வேறாகும். ஒரு மின்னணுத் தராசு வாங்கி எடைக் கணக்கிலேயே போவது நிம்மதி. கிண்ணத்தின் அடியையும் ஓரங்களையும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நிமிடம் கலக்குங்கள்.

ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் வேண்டாம். எபாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி இறுகுதலை மேலும் விரைவுபடுத்தும். சில நிமிடங்களில் கிண்ணம் புகையத் தொடங்கிவிடும். கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பிவிட்டால் அவகாசம் கூடும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். வெயில் கடுமையான இடங்களில் மெதுவான ஹார்டனரும் அதிகாலை நேரமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வெற்று மரத்தின்மேல் பூசுவதற்கு மட்டும், வெப்பம் இறங்கும் பிற்பகல் நேரம் நல்லது: சூடேறும் மரத்திலிருந்து காற்று வெளிவந்து பூச்சில் குமிழிடும், குளிரும் மரம் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தைத்த படகின் உட்புறத்தில், கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் கெட்டியான கலவையைச் சிறு சிறு துண்டுகளாக வைத்து ஒருநாள் விடுங்கள். பலகைகள் இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கம்பிகளை வெட்டி உருவிவிடலாம். சிக்கிக்கொள்ளும் கம்பியைச் சற்றுச் சூடாக்கினால் வந்துவிடும். பிறகு மூலை முழுவதும் ஒரே ஓட்டமாக வளைவான மெழுகல். எபாக்சியில் மரத்தூளும் சிலிக்காவும் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முனை உருண்ட மரக்குச்சியால் மூலையில் அழுத்தி இழுத்தால் சுமார் 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள வழவழப்பான வளைவு கிடைக்கும். இருபுறமும் பிதுங்கி நிற்பதை அப்போதே வழித்துவிடுங்கள். இறுகியபின் அதைத் தேய்த்தெடுப்பது படகு கட்டுவதிலேயே மிகவும் சலிப்பூட்டும் வேலை. மெழுகல் பச்சையாக இருக்கும்போதே அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை வைத்து, தெளிவான எபாக்சியால் நனைத்துவிடுங்கள்.

மறுநாள் படகைக் கவிழ்த்து, வெளிமூலைகளை இழைத்து உருட்டுங்கள். கண்ணாடியிழை கூர்மூலையில் படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். துளைகளையும் இடைவெளிகளையும் அடைத்து, மூலைகளுக்கு நாடா போட்டு, அடிப்பாகம் முழுவதையும் துணியால் போர்த்துங்கள். உலர்ந்த துணியைச் சுருக்கமின்றி விரித்து, நடுவில் எபாக்சியை ஊற்றி, ரப்பர் தகட்டால் ஓரங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நன்கு நனைந்த துணி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெண்மையாகத் தெரிந்தால் அங்கே பசை போதவில்லை. பளபளவென்று குளம் கட்டினால் மிகை. நெசவின் வரிகள் லேசாகத் தெரிய வேண்டும். அவற்றை அடுத்தடுத்த இரண்டு பூச்சுகள் நிரப்பும்.

இறுகிய எபாக்சியின்மேல் சில சமயம் பிசுக்கான படலம் ஒன்று தோன்றும். அது நீரில் கரையும். கரைப்பானில் துடைத்தாலோ நேரடியாக உப்புத்தாள் போட்டாலோ பரவத்தான் செய்யும். வெறும் நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிவிட்டு அதன்பின் தேய்க்கத் தொடங்குங்கள்.

உள்வேலை

விளிம்புப் பட்டைகளை ஒரே தடித்த கட்டையாகப் போடாமல், மெல்லிய இரண்டு ரீப்பர்களாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் வளைப்பது எளிது. இந்த வேலைக்குக் கையிலுள்ள கிளாம்புகள் எப்போதும் போதாது. பழைய பிவிசி குழாயை வளையமாக நறுக்கி ஒரு பக்கம் வெட்டிவிட்டால் செலவில்லாத கிளாம்புகள் கிடைக்கும். பட்டைகள் ஒட்டியதும், அதுவரை துவண்டுகொண்டிருந்த படகு விறைத்து நிற்பதைக் கையிலேயே உணரலாம்.

மிதவை அறைகளில் சிக்கனம் கூடாது. கவிழ்ந்து நீர் நிறைந்த படகு, உங்களையும் தாங்கிக்கொண்டு மிதக்க வேண்டும். அதுவும் நீரை இறைத்து வெளியேற்றும் அளவு உயரத்தில். 90 × 40 × 30 சென்டிமீட்டர் அறை ஒன்று 108 லிட்டர் கொள்ளும். அது முழுதாக அமிழ்ந்தால் ஏறத்தாழ 108 கிலோ தூக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பது குறைந்தபட்சம். ஒன்று ஓட்டையானாலும் மற்றது இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் திருகி மூடும் மூடி வையுங்கள். மூடி இல்லாத அறைக்குள் ஈரம் சேர்ந்தால், மேலே பெயின்ட் பளபளக்க உள்ளே பலகை உளுத்துப்போகும். அறையை மூடுமுன் உட்சுவர்களில் மூன்று பூச்சு எபாக்சி கொடுங்கள். மூடிய பிறகு, ஒரு குழாயால் மெல்ல ஊதி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தை அப்போதே அடைத்துவிடலாம்.

நடுப்பலகை என்பது காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் தடுக்க, அடியிலுள்ள பிளவு வழியாக நீருக்குள் இறக்கும் பலகை. அதைச் சுற்றிய உயரமான கூடுதான் வீட்டுப் படகுகளில் அதிகம் ஒழுகும் இடம். காரணம் எளிது: படகின் அடியில் வேண்டுமென்றே ஒரு நீளத் துளை போட்டிருக்கிறோம், அந்தத் துளையின் சுவரைப் பக்கவாட்டு விசை ஒவ்வோர் அலையிலும் நெம்புகிறது. கூட்டின் இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்ப்பதற்கு முன்பே உட்பக்கத்துக்குக் கண்ணாடியிழையும் எபாக்சியும் போட்டு முடியுங்கள். சேர்த்தபிறகு அதற்குள் தூரிகை போகாது. 18 மில்லிமீட்டர் பலகைக்கு உள்ளே 23 அல்லது 24 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். பெயின்டும் தடிமன் கூட்டும், மரமும் ஊதும். அடியோடு சேருமிடத்தில் தாராளமான மெழுகலும் நாடாவும் போட்டு, மேற்பகுதியைக் குறுக்கு இருக்கையோடு இறுகப் பிணைத்துவிடுங்கள்.

பக்கங்களிலிருந்து இழுத்துப் பிடிக்கும் தாங்கு கம்பிகள் இல்லாத பாய்மரமாக இருந்தால், அதன் அடி உட்காரும் கட்டையும், மேலே அது நுழையும் துளைப் பலகையும் முழு விசையையும் வாங்குகின்றன. துளைப் பலகை 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அடிக்கட்டையில் நீர் தேங்காமல் வடிய ஒரு சிறு கால்வாயும் வெட்டுங்கள்.

பாய்மரம், பாய், சுக்கான்

முதல் படகுக்குச் சாய்வான பருமலில் கட்டிய நாற்கோணப் பாயே என் தேர்வு. பாய்மரம் குட்டையாக இருக்கும், தாங்கு கம்பிகள் வேண்டாம், எல்லாமே படகுக்குள் அடங்கும், காற்று மிஞ்சினால் ஒரு கயிற்றை விட்டால் பாய் இறங்கிவிடும். முக்கோணப் பாய் காற்றை எதிர்த்துச் சற்று நன்றாக ஏறும் என்பது உண்மைதான். அந்த வேறுபாட்டை உணரும் நிலைக்கு வரும்போது இரண்டாவது படகைக் கட்டத் தொடங்கியிருப்பீர்கள்.

சதுரக் கட்டையிலிருந்து உருண்டைப் பாய்மரம் செய்வதற்குத் தச்சர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு. சதுரத்தின் ஒரு பக்கத்தை 24 பங்காக்கி, 7, 10, 7 என்று கோடுகள் போடுங்கள். மூலைகளை அந்தக் கோடுகள்வரை இழைத்தால் சரியான எண்கோணம் வரும். அதன் முனைகளை மறுபடி இழைத்துப் பதினாறு பக்கமாக்கி, உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்த்தால் உருண்டை. மேலே போகப் போக மெலிய வேண்டும். மேலேயுள்ள ஒவ்வொரு கூடுதல் கிராமும் படகைச் சாய்க்கவே வேலை செய்யும்.

பாய்க்கு டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி சிறந்தது. தார்ப்பாயில் வெட்டித் தைத்த பாயும் முதல் பருவத்துக்குத் தாங்கும். வடிவம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தபின் நல்ல துணியில் செலவழிக்கலாம். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு 6 மில்லிமீட்டர் போதும். ஆனால் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு 8 முதல் 10 இருக்கட்டும். பலம் போதாது என்பதற்காக அல்ல. மெல்லிய கயிறு கையை அறுக்கும்.

சுக்கான் பலகையின் முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிய இழையுங்கள். நடுப்பலகைக்கும் அப்படியே. கீல்கள் பின்பலகையில் சேரும் இடத்தில் உள்ளே தடித்த ஒரு கட்டை வைத்து, திருகாணிக்குப் பதில் போல்ட்டு போடுங்கள். கவிழும்போது சுக்கான் கழன்று மிதந்து போகாமலிருக்க ஒரு தடுப்பும் தேவை.

பெயின்ட்

எபாக்சி வெயிலைத் தாங்காது. புற ஊதாக் கதிர் பட்டால் வெளிறி உதிரத் தொடங்கும். ஆகவே பெயின்டோ புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷோ கட்டாயம். 80, 120, 180 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போட்டு, கழுவி, உலர்த்திப் பூசுங்கள். உட்புறத்துக்குத் தூய வெண்மை கண்ணைக் கூசவைக்கும். வெளிர் சாம்பல் இதமானது. நிற்குமிடத்தில் ஈரப் பெயின்டின்மேல் சலித்த மணலைத் தூவி, இன்னொரு பூச்சு கொடுத்தால் கால் வழுக்காது. கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று இதில் மாதக்கணக்கில் மூழ்கிவிடுபவர்கள் உண்டு. முதல் கரையேற்றத்திலேயே கீறல் விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

நீரில் இறக்குமுன்

உங்கள் நாட்டில் பதிவு தேவையா, எந்த நீர்நிலையில் பாய்மரப் படகு ஓட்ட அனுமதி உண்டு என்பதை முதலில் விசாரியுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, படகில் கிடக்க அல்ல, உடம்பில் இருக்க. 50 நியூட்டன் அளவுள்ளது நீச்சல் தெரிந்தவருக்கு மிதவை உதவி மட்டுமே. நீச்சல் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். நீர் இறைக்கும் குவளையைக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். துடுப்பு, ஊதல், ஒரு நீளக் கயிறு, சிறு நங்கூரம் ஆகியவையும் எப்போதும் உடனிருக்கட்டும்.

முதல் நாளில் பாயே வேண்டாம். இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து நடுப்பலகைக் கூட்டின் அடியையும் மிதவை அறைகளையும் பாருங்கள். அடுத்து, வேண்டுமென்றே நீரை நிரப்பி உள்ளே உட்காருங்கள். நிரம்பிய படகு உங்களைச் சுமந்து சமமாக மிதக்கிறதா? அணியமோ பின்புறமோ தாழ்ந்தால் மிதவையைக் கூட்ட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களோடு நான் படகில் ஏறமாட்டேன்.

ஓட்டுவது

4 முதல் 10 நாட் வரையான (மணிக்குச் சுமார் 7 முதல் 18 கிலோமீட்டர்) காற்றில் கற்றுக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பில் சிற்றலைகள் இருக்கும். வெண்நுரை அங்கங்கே தெரியத் தொடங்கினால் அதுவே மேல் எல்லை. எங்கும் வெண்நுரை என்றால் கரையிலேயே இருங்கள். காற்றின் திசை அதன் வேகத்தைவிட முக்கியம். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று மிகவும் ஏமாற்றக்கூடியது. கரையோரம் குளம்போல அமைதியாக இருக்கும், தொலைவு போகப் போக வலுக்கும், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்றில். கரைக்கு இணையாக வீசும் காற்றே கற்பவருக்கு ஏற்றது. போவதும் வருவதும் பக்கக்காற்றில் முடிந்துவிடும்.

காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் இதுபோன்ற பாய்மரப் படகு நேராகப் போகாது. மற்ற எல்லாத் திசைகளிலும் போகலாம். பாயைச் சரிப்படுத்த ஒரே விதி போதும்: முன்விளிம்பு படபடக்கும்வரை தாமானை விடுங்கள், படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். கற்பவர்கள் அதிகமாக இழுத்துவிடுவார்கள். படகு சாயுமே தவிர ஓடாது. தாமானை எங்கும் கட்டிவைக்காமல் எப்போதும் கையில் வைத்திருங்கள். திடீர்க் காற்றில் அதை விட்டுவிட்டால் படகு தானாக நிமிரும்.

சுக்கான் பிடி, பாய் இருக்கும் பக்கம் தள்ளப்பட்டால் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். பாய்க்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கும் உங்கள் பக்கம் இழுத்தால் காற்றிலிருந்து விலகும். எதிர்க்காற்றில் நடுப்பலகை முழுதாக இறங்கியிருக்கட்டும், பக்கக்காற்றில் பாதி, பின்காற்றில் கால் பங்கு.

காற்றை ஊடறுத்து மறுபக்கம் திரும்ப, முதலில் வேகம் சேர்த்துக்கொண்டு, பிடியை உறுதியாக, ஆனால் வெட்டி இழுக்காமல் தள்ளுங்கள். பாயின் அடிக்கட்டை (கீழ்விளிம்பைப் பிடிக்கும் கழி) தலைக்கு மேலே கடக்கும். குனிந்து மறுபக்கம் மாறி உட்காருங்கள். நடுவழியில் வேகம் செத்து, காற்றுக்கு நேராக நின்றுவிட்டால் பதற வேண்டாம். படகு மெல்லப் பின்னோக்கி நகரும். அடிக்கட்டையையும் சுக்கான் பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். அணியம் அந்தப் பக்கமாகவே விலகித் திரும்பும். பின்காற்றில் பக்கம் மாறுவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அடிக்கட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வீச்சாக வரும். காற்று வலுத்த நாளில் அதைச் செய்யாமல், சுற்றிவந்து காற்றை ஊடறுத்தே திரும்பிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையை விட்டால் படகு தானாகக் காற்றை நோக்கி மெல்லத் திரும்புவது நல்ல குணம். ஆனால் பிடியை மல்லுக்கட்டி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் பாயின் விசை மிகவும் பின்னால் இருக்கிறது. பருமலில் ஆஞ்சான் கட்டிய இடத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்துங்கள். பாய் முழுவதும் முன்னுக்கு வரும். வீட்டில் கட்டிய படகு எதுவும் முதல் ஓட்டத்திலேயே இந்தச் சமநிலையோடு வருவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரலளவு மாற்றிப் பாருங்கள்.

எதிரே இன்னொரு பாய்மரப் படகு வந்தால், இடப்பக்கத்தில் காற்றை வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். இது 1972-இன் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது. குறுகிய கால்வாயில் வரும் பெரிய கப்பலிடம் விதி பேசாதீர்கள். அதனால் விலகவும் முடியாது, நிற்கவும் முடியாது.

கவிழ்ந்தால்

சிறிய டிங்கி கவிழும். ஆகவே கரையோரத்தில், பாய்மர உச்சி சேற்றில் குத்தாத ஆழமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பழகிவிடுங்கள். கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போகவே கூடாது. கரை அருகில் தெரிந்தாலும் அது ஏமாற்றும், தேடி வருபவர்கள் கண்ணுக்குப் படகுதான் தென்படும். தாமான் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் நிமிர்ந்தவுடன் பாய் காற்றைப் பிடித்து மறுபடி கவிழ்க்கும். அணியம் காற்றை நோக்கும்படி படகைத் திருப்புங்கள். நடுப்பலகையின் மேல், அடிப்பாகத்தை ஒட்டி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பாயிலுள்ள நீர் வடிய நேரமாகும், அவசரப்படாமல் எடையைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நிமிர்ந்ததும் பின்பலகை வழியாக ஏறி, அசையாமல் நடுவில் உட்கார்ந்து இறைக்கத் தொடங்குங்கள்.

திரும்பி வந்தபின்

நன்னீரில் கழுவி, மிதவை அறைகளின் மூடிகளைத் திறந்து, நிழலில் கவிழ்த்து வையுங்கள். எபாக்சி வரை போன கீறல் காத்திருக்கும். மரம் தெரியும் கீறலை அன்றே உலர்த்தி அடைத்துவிடுங்கள், ஈரம் பிளைவுட்டுக்குள் இழையோட்டத்தின் வழியே வெகுதூரம் ஊர்ந்துவிடும். பருவத்துக்கு ஒருமுறை சுக்கான் கீலின் போல்ட்டுகளையும், பாய்மர அடிக்கட்டையையும், கூடு அடியோடு சேரும் மெழுகலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகலில் முடிபோன்ற வெடிப்பு தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நாடா போடுங்கள்.